பையன் கேட்கும் விளையாட்டுக் கம்ப்யூட்டர்: 80 ஆயிரம் ரூபாயைப் பங்கு போடுவது எப்படி?

பலாப்பழத்தை விரலால் தட்டிப் பார்த்தே, உள்ளே சுளை பழுத்துவிட்டதா, இல்லையா என்று சொல்லிவிடுவார்கள் பண்ருட்டிப் பக்கத்து மக்கள். முந்திரிக் கொட்டையைக் கையில் அள்ளினால் போதும், பருப்பு தேறுமா, தேறாதா என்று தெரிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது!

பண்ருட்டியில் இருந்து நெய்வேலிக்குப் போகும் வழியில், சென்னை–கும்பகோணம் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். அங்கே ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு முந்திரி வியாபாரம். மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவனுக்கு விளையாட்டுக் கம்ப்யூட்டர் வேண்டும். "அதிலேயே படிக்கவும் செய்வேன்" என்கிறான். அதில் பொய் இல்லை. எந்திரப் படம் வரையவும் அதே கம்ப்யூட்டர்தான் உதவும்.

அம்மா சீட்டு எடுத்த பணம் 80 ஆயிரம் ரூபாய் வீட்டில் இருக்கிறது. அடுத்த வருஷம் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். ஆகவே, தவறாக வாங்கிவிட்டு, "போகட்டும், வேறு வாங்கலாம்" என்று சொல்ல வழி இல்லை.

"பணம் வைத்து ஆடுகிற ஆட்டமா?" என்று அப்பா பயப்படுவார். அது வேறு. அந்த ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. இவன் கேட்பது கார் ஓட்டுவது, பந்து அடிப்பது போன்ற ஆட்டங்கள்.

பெரிய பங்கு யாருக்கு?

கம்ப்யூட்டருக்கு மூளை, பிராசசர். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் கையில் உள்ள பணத்தை எல்லாம் மூளைக்கே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. விளையாட்டுக் கம்ப்யூட்டரில் இது பெரிய தவறு.

ஏன்? சாதாரண மானிட்டரின் திரையில், குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல் வரும். ஆட்டம் தடங்கல் இல்லாமல் ஓட, விநாடிக்கு 60 படமாவது திரையில் மாற வேண்டும். அதாவது ஒரு விநாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும்! இந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. மூளை கணக்குப் பிள்ளை என்றால், கார்டு பெயிண்டர். பெயிண்டர் மெதுவாக வேலை செய்தால், கணக்குப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்?

எனவே, 80 ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்கை, முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட, கார்டுக்கு ஒதுக்க வேண்டும். பிராசசர் நடுத்தரமாக இருந்தால் போதும். இன்டெல் கம்பெனியின் ஐ-5, ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன்-5 ஆகியவை அந்த ரகம்.

கார்டு வாங்கும்போது பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ என்ற கார்டும், ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. என்ற கார்டும் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்றில் 8 ஜி.பி. மெமரி, மற்றொன்றில் 16 ஜி.பி. பெயர் ஒன்றுதான்! விலை குறைவாகச் சொன்னால், பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படித்துப் பாருங்கள்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நெய்வேலிக்காரர்களுக்குச் சுரங்கம் என்றால் பழுப்பு நிலக்கரிதான். கம்ப்யூட்டர் உலகத்தில் வேறொரு சுரங்கம் இருந்தது. ஈதர் என்ற மின்னணு நாணயத்தைச் சம்பாதிக்க, ஆயிரக்கணக்கான கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினார்கள். அதனால் 2021-ல் கார்டு விலை தாறுமாறாக ஏறியது. 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றது. உழைத்துக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். கார்டுக்குப் பல் இல்லை. வாரண்டி பாக்கி இல்லாத பழைய கார்டை விட்டுவிடுவதே நல்லது.

ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்

மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களும் வந்து உட்காரும் பலகை. இன்டெல் மூளைக்கு ஏற்ற பலகையில் ஏ.எம்.டி. மூளை உட்காராது. ஏ.எம்.டி.யிலேயே பழையது ஏ.எம்.-4, 2022-ல் வந்த புதியது ஏ.எம்.-5. இதில் அது பொருந்தாது. மெமரியும் அப்படியே. டி.டி.ஆர்.-4 மெமரியை டி.டி.ஆர்.-5 பலகையில் செருக முடியாது. பலம் கொண்டு அழுத்தினால் உடையும்.

மெமரி 16 ஜி.பி. வேண்டும். அதை ஒரே பட்டையாக வாங்காமல், எட்டு எட்டாக இரண்டு பட்டைகளாக வாங்கினால் வேகம் கூடும். ஆனால் விலை? 2025-ம் ஆண்டு கடைசியில் மெமரி விலை மளமளவென்று ஏறிவிட்டது. செயற்கை அறிவு நிலையங்களுக்குத் தேவை பெருகியதால், மெமரி செய்யும் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வீட்டுக்காரன் பாடு திண்டாட்டம்! ஆகவே, பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம். கடைக்குப் போகிற வாரத்து விலையைக் கேளுங்கள்.

பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக் கரண்டை வாங்கி, பாகங்களுக்குப் பக்குவமாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. கேபினெட்டோடு சேர்த்துச் சும்மா தருகிறேன் என்று கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்க வேண்டாம். அது கெட்டால் தான் மட்டும் போகாது. 30 ஆயிரம் ரூபாய்க் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். நல்ல கம்பெனியின் 550 அல்லது 650 வாட் போதும். வீட்டில் மூன்று முனைப் பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை வைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேபினெட்டில் வானவில் விளக்கு மின்னுவதைப் பார்த்துப் பையன் மயங்குவான். முன்பக்கம் கண்ணாடி மூடியது வேண்டாம். வலைத் துவாரம் உள்ளதாகப் பாருங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் உள்ளே காற்றுப் போகாவிட்டால், கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நிலக்கரிக் கணக்கு

ஆடும்போது இந்த ரகக் கம்ப்யூட்டர் மானிட்டரோடு சேர்த்துச் சுமார் 400 வாட் இழுக்கும் என்று வையுங்கள். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் 1.2 யூனிட். இரண்டு மாதத்தில் 72 யூனிட். 2016-ல் தமிழ்நாட்டு அரசு வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்ததே, அந்த நூறில் 72-ஐ இந்தப் பெட்டி ஒன்றே குடித்துவிடும். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. பையன் ஒரு மாலை ஆடினால், பக்கத்துச் சுரங்கத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைகிறது!

சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பேர் போன ரிச்சி தெருவில் பாகங்கள் எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். ஒரே கடையில் நிற்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொல்கிறாரா, சேர்க்காமல் சொல்கிறாரா என்று கேளுங்கள். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்றால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். ஒவ்வொரு பாகத்தின் நம்பரும் பில்லில் இருந்தால்தான் வாரண்டி பேசும்.

வீட்டுக்கு வந்து மாட்டியபின் படம் வராவிட்டால் பதற வேண்டாம். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். இன்டெல் பிராசசரின் பெயர்க் கடைசியில் 'எப்' என்ற எழுத்து இருந்தால், மதர்போர்டு வழியாகப் படமே வராது. கேபிளைக் கழற்றி, சற்றுக் கீழே, படுக்கை வாட்டில் இருக்கும் கார்டின் துளையில் செருகுங்கள்.