இறக்கிய காரும் இருபது வளைவும்

சேலம் அடிவாரத்தில் தொடங்கி ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்தை விட்டுக் கிளம்பும் கார், ஒரு மணி நேரத்துக்குள் மலை மேலுள்ள ஏரிக்கரையில் நிற்கிறது. மே மாதக் கோடை விழா நாட்களில் இந்தச் சாலையோரம் நின்று பார்த்தால், வரிசையில் சில கார்கள் தனியாகத் தெரியும். டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. வண்டியே தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இளைஞர்கள் பேச்சில் இது ‘லோ பண்ணின வண்டி’.

வண்டியை இப்படி இறக்கும் வேலைக்குப் பெரிய ஒர்க்‌ஷாப் தேவையில்லை என்பதுதான் இன்றைய ஈர்ப்பு. நான்கு குட்டை ஸ்பிரிங்குகள் ஒரே அட்டைப்பெட்டியில் வீடு தேடி வருகின்றன. ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், சாக்கெட் செட், கைப்பேசியில் ஒரு வீடியோ, உதவிக்கு ஒரு நண்பன். ஞாயிறு காலை வாசலில் வண்டியைத் தூக்கினால் மாலைக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். பழகிய கைக்கு முடியத்தான் செய்கிறது.

வேலையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் பெரிய நம்பிக்கையைத் தரும். சிறிய கார்களில் பெரும்பாலும் பின்பக்க ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பின் அச்சை ஜாக்கியால் மெல்லக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். புதியதை வைத்து, அதன் நுனி ரப்பர் இருக்கையின் படியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, அச்சை ஏற்றி போல்ட்டை முடுக்கினால் போதும்.

முன்பக்கம் அப்படியில்லை. 1940-களில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த ஸ்ட்ரட் முறைதான் இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன் சக்கரங்களைத் தாங்குகிறது. 1983-இல் வந்த மாருதி 800-இலும் முன்னால் இதுதான். இதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில் கோத்தவை. பிரேக் ஹோஸின் கிளிப், ஏபிஎஸ் ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க், சக்கரத்தோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட், பானட்டுக்கு அடியில் உள்ள மேல் நட்டுகள் எல்லாவற்றையும் விடுவித்தால்தான் ஸ்ட்ரட் வெளியே வரும். வந்த பிறகும் ஸ்பிரிங் அதனுள்ளே அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. உச்சியிலுள்ள ஒற்றை நட்டுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது.

வீட்டு வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இதுவே. ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்னும் கருவியின் இரண்டு கொக்கிகளை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாறி மாறி முடுக்கி, ஸ்பிரிங் மேல் தட்டிலிருந்து விலகி ஆடுகிறதா என்று பார்த்த பிறகே உச்சி நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்புள்ள ஒரு ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அழுத்தினால் அது 300 கிலோ விசையோடு திமிறிக்கொண்டிருக்கும். அதில் அடங்கிய ஆற்றல், 23 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படுவதற்கு ஏறத்தாழச் சமம். கொக்கி வழுக்கினால் அந்த ஆற்றல் முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்துக்கோ கைக்கோ வரும். மலிவான கம்ப்ரஸரை ஏர் கன் வைத்து முடுக்குவதும், ஸ்பிரிங்கின் நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வதும் கூடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுவதும் அப்படித்தான்.

ஸ்பிரிங் கிட் வாங்கப் பணமில்லாதவர்கள் பழைய ஸ்பிரிங்கையே கட்டிங் மெஷினில் ஒரு சுற்று அறுத்துவிடுகிறார்கள். ஸ்பிரிங்கின் கணக்கு இதை மன்னிக்காது. வேலை செய்யும் சுற்றுகள் ஆறிலிருந்து ஐந்தானால் விறைப்பு 20 சதவீதம் கூடிவிடும். அறுத்த நுனி இருக்கையில் பொருந்தாது. அறுக்கும்போது ஏறும் சூடு அந்த இடத்தில் எஃகின் பதத்தைக் கெடுக்கும். கிட்டாக வரும் நல்ல ஸ்பிரிங்கில் கம்பியின் தடிமனையே மாற்றுகிறார்கள். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனாலே சுமார் 38 சதவீதம் விறைத்துவிடும். அதனால்தான் உயரம் குறைந்தும் அந்த ஸ்பிரிங் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிப்பாளையம் போன்ற பந்தயத் தளங்களில் ஓட்டுபவர்கள், ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் வண்டி சாயாமல் திரும்பும் என்பார்கள். சமதளமான தார்ப் பரப்பில், பொருத்தமான ஷாக்கோடு, ஒற்றை ஆள் ஓட்டும்போது அது சரிதான்.

ஏற்காட்டுக்கு யாரும் ஒற்றை ஆளாகப் போவதில்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி, டிக்கியில் பைகள், தண்ணீர் கேன். ஸ்பிரிங் மாற்றும் வீடியோக்களில் வண்டி எப்போதும் காலியாகவே நிற்கிறது. வேலை முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து தெருமுனை வரை ஓட்டிக் காட்டுகிறார். முழுச் சுமையோடு மலையேறி இறங்கும் வண்டிக்கு அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலியாக நிற்கும் ஒரு காரின் பின் சக்கரம், அடித்தடுப்பு ரப்பரில் இடிக்கும் முன் 100 மில்லிமீட்டர் மேலே ஏற இடமிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் பைகளும் ஏறினால் அதில் 45 போய்விடும், மிச்சம் 55. அதே வண்டியை 35 மில்லிமீட்டர் இறக்கி, 25 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் தொடக்கமே 65தான். சுமை அதில் 36-ஐத் தின்றுவிடும். மிஞ்சுவது 29. குழியோ கல்லோ வரும்போது சக்கரம் அசைய மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டினால் ரப்பர் நசுங்கி, அடி நேராக உடற்சட்டத்தில் விழும்.

நேர்ச்சாலையில் இது முதுகு வலியோடு போய்விடும். இறக்கத்தில், திருப்பத்தில், பிரேக் பிடித்திருக்கும்போது நடந்தால் கதை வேறு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள்தான் எடையைச் சுமக்கின்றன. பிரேக் அழுத்தும்போது முன்பக்கம் இன்னும் அமுங்குகிறது. அந்த நொடியில் ரப்பர் முழுதாக நசுங்கினால் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின் விறைப்பு திடீரென்று பல மடங்காகும்; டயர் தார்ச்சாலையைப் பிடித்துக்கொள்ளாமல் துள்ளும். துள்ளிய டயரால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

கொண்டை ஊசியின் உள்விளிம்பு செங்குத்தாக ஏறும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் எதிரே பஸ் வந்தால் கார் அந்த விளிம்புக்குத்தான் ஒதுங்க வேண்டும். ஒரு முன் சக்கரம் உயர, மறு மூலையில் பின் சக்கரம் தாழ, நான்கு சக்கரங்களும் நான்கு உயரத்தில் நிற்கும் நிலை அது. சக்கரங்கள் தாராளமாக ஏறி இறங்கினால்தான் நான்கிலும் பிடி இருக்கும். மழைக்காலத்தில் சரிவிலிருந்து உருண்டு வரும் கற்களும் சாலையிலேயே கிடக்கும்.

தரை இடைவெளிக் கணக்கும் இதே போக்குதான். மாருதி ஸ்விஃப்டுக்கு 163 மில்லிமீட்டர் என்று சொல்லப்படுகிறது. அதில் 35-ஐக் கழித்தால் 128. ஆட்கள் ஏறினால் நடுப்பகுதி இன்னும் 25 வரை தாழும் என்றால் மிச்சம் நூற்றுச் சொச்சம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். ஸ்விஃப்டின் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர்தான் என்பதால் அந்தத் தடையில் வண்டி முழுதாக ஏறி இறங்கிவிடும், அடி தட்டாது. ஊர்களில் அவரவர் போட்டுக்கொள்ளும் குறுகலான மேடுகளோ சக்கரங்களுக்கு நடுவே வந்து நிற்கும். ஏரியருகே தொடங்கி 32 கிலோமீட்டர் சுற்றி வரும் வளையச் சாலையை விட்டு, காப்பித் தோட்டங்களுக்குள் பிரியும் மண் பாதைகளில் சைலென்சரும் ஆயில் சம்பும் அடி வாங்கும்.

ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் எல்லாம் நல்லது என்ற நம்பிக்கையிலும் ஓர் ஓட்டை உண்டு. மெக்பெர்சன் அமைப்பில் வண்டியை இறக்கும்போது, கீழே உள்ள லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் தாழ்ந்திருந்த நிலை மாறிப் படுத்துக்கொள்ளும். அதிகம் இறக்கினால் மேல்நோக்கியே நிமிரும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடக் கூட, சாய்க்கும் விசையின் நெம்புகோலும் நீளும். விறைப்பான ஸ்பிரிங் அதை வெளியே தெரியாமல் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். சக்கரங்கள் நிற்கும் கோணமும் மாறியிருக்கும். வீட்டில் ஸ்பிரிங் மாற்றிவிட்டு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். முன்னும் பின்னும் ஒரே அளவில் இறங்காத வண்டியில் ஹெட்லைட்டின் ஒளி விழும் இடமும் தவறும். மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கக்கூடிய ஏற்காட்டில் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

சேலம் வட்டாரத்துக்கு ஸ்பிரிங் புதிய சரக்கல்ல. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரித் தொழிலால் வாழும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. லாரியின் பட்டை ஸ்பிரிங்கைத் தொடும் பட்டறைக்காரர் எந்தச் சரக்கு, எத்தனை டன், எந்த ரூட் என்று கேட்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. சுமை கூடினால் பட்டை சேர்ப்பார்கள். இந்த மண்ணின் தொழில் அறிவே சுமையில் தொடங்குகிறது. அதே ஊர்ப் பிள்ளைகள் வாங்கும் ஸ்பிரிங் பெட்டியின் மேல் ‘35 மி.மீ. இறக்கம்’ என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது. ஐந்து பேர் ஏறினால் என்ன மிஞ்சும் என்ற கணக்கு வாங்குபவர் கைக்கு வருவதில்லை. இந்தப் பொருளை விற்கும் ஒவ்வொருவரும் அந்த எண்ணைத் தர வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் இடம் குறைவுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வகுத்தது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது வம்பாகும். வண்டியில் போன மற்ற நால்வருக்கும் சேர்த்துத்தான் அந்த வம்பு.

மாற்றியே தீருவேன் என்பவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. இறக்கம் 25, 30 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். குட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக்கும், அளவு குறைந்த தடுப்பு ரப்பரும் சேர்த்தே போட வேண்டும். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முடுக்காமல், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எடைக்குப் போடாமல் இடது, வலது, முன், பின் என்று எழுதி எடுத்து வைக்க வேண்டும்.

குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காடு கிளம்பும் முன் ஒரு சோதனை மீதி. பின்பக்க ஷாக்கின் பளபளக்கும் தண்டில், உறையை ஒதுக்கிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டிக் கீழே தள்ளி வைக்க வேண்டும். ஐந்து பேர் எடைக்கு ஈடாக ஆட்களையோ மணல் மூட்டைகளையோ ஏற்றி, ஊருக்குள்ளேயே மேடு பள்ளமான சாலையில் மெதுவாகப் பத்து கிலோமீட்டர் ஓட்டித் திரும்ப வேண்டும். ஷாக் எவ்வளவு தூரம் உள்ளே போனதோ அவ்வளவு உயரத்துக்கு அந்த டை தள்ளப்பட்டிருக்கும். அது தடுப்பு ரப்பரோடு ஒட்டி நின்றால், மலைக்குப் போகும் முன் பழைய ஸ்பிரிங்குகளை மாட்டி, அலைன்மென்ட்டையும் மறுபடி பார்த்துவிட வேண்டும்.