வெடிக்கும் மண், வெடிக்காத பானை

கோடையில் தஞ்சைப் பக்கத்து வயல்களில் நடந்திருக்கிறீர்களா? நீர் வற்றிய நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில பிளவுகளில் கையையே நுழைக்கலாம். காவிரி படியவைத்த களிமண்ணின் குணம் அது. அதன் நுண்துகள்கள் தகடு தகடாக அமைந்தவை. இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் போனால் சுருங்கும். இப்படிப்பட்ட மண்ணைக் கொண்டுதான் குயவர் வெடிக்காத பானை செய்கிறார்!

அவர் கண்ட மருந்து மணல். குளத்துக் களிமண்ணை ஊறவைத்து, மணல் தூவி, காலால் மிதித்துப் பிசைகிறார். மணல் சுருங்காது, உள் ஈரம் வெளியேற வழியும் விடும். அதிகமானால் மண் திகிரியில் எழும்பாது. குறைந்தால் காயும்போதே கீறல் விழும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வாழும் ஸூனி பழங்குடியினருக்கும் இதே சிக்கல்தான். திகிரியின்றி, மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிப் பானை செய்த அவர்கள், உடைந்த பழைய பானையோடுகளைப் பொடித்து மண்ணில் கலந்தார்கள். மணலின் வேலையை ஓட்டுத்தூள் செய்தது.

பானை முழுவதும் திகிரியிலேயே உருவாகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அங்கே முடிவது வாயும் கழுத்தும் மட்டுமே. தடித்த சுவரோடு, அடி திறந்தபடியே இறக்கிவிடுவார்கள். சற்றுக் காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். சுவர் மெலிந்து இறுகுகிறது. உருண்டை அடியில் மூலை கிடையாது. ஆகவே அடுப்புச் சூடு சீராகப் பரவும், ஓரிடத்தில் இழுவிசை குவிந்து விரிசல் காணாது.

சூளையில் முதலில் மெல்லிய தீ. சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, களிமண்ணின் அமைப்போடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதன்பின் பானையை நீரில் ஊறப்போட்டாலும் அது சேறாகாது. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். காற்றை அடைத்துப் புகையவிட்டால் பானை கறுக்கும்.

இத்தனை தெரிந்தவரையும் மழை தோற்கடிக்கிறது. பானை அதிகம் விற்பது தைப் பொங்கலுக்கு. அதற்குமுன் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, காற்றெல்லாம் ஈரம். அவசரப்பட்டுச் சூளையேற்றினால் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி, வெளியேற வழியின்றிப் பானையைச் சிதறடிக்கும். மண்பாண்டத் தொழிலாளருக்குத் தமிழக அரசு மழைக்கால நிவாரணம் தருவது இதனால்தான். ஏரி, குளங்களில் மண் எடுக்க அனுமதி பெறுவதும் பெரும்பாடாக இருந்தது; 2024இல் வட்டாட்சியரே அனுமதி தரும்படி விதி தளர்த்தப்பட்டது. கோடையிலேயே மண் சேர்த்து, பானைகளைச் சுட்டு அடுக்கிவைக்க இடவசதி உள்ளவர்கள் தப்பிக்கிறார்கள். மற்றவர்கள் ஈரப் பானைகளை வீட்டுக்குள் பரப்பி, மார்கழி வெயிலுக்குக் காத்திருக்கிறார்கள்.