சேவல்களைக் கொல்லாதீர்!

கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பு மருந்து செய்வோருக்கு அறிவுக் குறையிலும் காலக் குறைவே பெருந்தடையாதல் உண்டு. 1957ஆம் ஆண்டின் 'ஆசிய இன்புளுவென்சா' அதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு ஏப்ரிலில், ஹொங்கொங் மக்கள் ஆயிரக்கணக்கில் காய்ச்சலால் வருந்துவதைப் பத்திரிகையிற் படித்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் மோரிஸ் ஹில்மன், அந்நோய்க் கிருமியை வரவழைத்துச் சோதித்தார். அதனை எதிர்க்கும் ஆற்றல், 1889ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குத் தப்பியிருந்த முதியோர் சிலரின் குருதியில் மட்டுமே காணப்பட்டது. பாடசாலைகள் திறக்கும் செப்டெம்பரில் அமெரிக்காவில் நோய் பரவும் எனக் கணித்தார்.

மருந்து செய்யும் முறை முன்னரே தெரிந்ததுதான். ஆயின், கிருமியை வளர்க்கக் கருவுற்ற கோழிமுட்டைகள் ஏராளமாக வேண்டும். ஆதலின், சேவல்களைக் கொல்லாதிருக்கும்படி பண்ணையாளருக்கு அறிவிக்குமாறு மருந்துக் கம்பனிகளை அவர் கேட்டுக்கொண்டார். கறிச்சட்டிக்குச் செல்லவிருந்த சேவல்கள் ஒரு கிருமியின் புண்ணியத்தால் உயிர் பிழைத்தன போலும்!

ஆண்டிறுதிக்குள் ஏறத்தாழ 4 கோடிப் பேருக்கான மருந்து ஆயத்தமாயிற்று. இதனை முழு வெற்றியென்று கூற நாம் தயங்குகிறோம். ஊசி போட்ட பின்னும் உடல் எதிர்ப்பாற்றல் பெற இரு வாரமளவு செல்லும். நோயோ ஒக்டோபரிலேயே அங்கு உச்சமெய்திவிட்டது. அப்போது பெரும்பாலோர் ஊசி பெற்றிருக்கவில்லை.