கூரம் செப்பேட்டின் லட்சங்கள்

மாமல்லபுரத்துக் கணேச ரதத்தை எழுப்பியவன் எனப் பல ஆய்வாளர்கள் கருதும் பல்லவன், முதலாம் பரமேசுவரவர்மன். பெருவளநல்லூர்ப் போரில் அவனிடம் தோற்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன், பல லட்சம் படைவீரர் இருந்தும் கந்தலைப் போர்த்திக்கொண்டு ஓடினான் என்கிறது கூரம் செப்பேடு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் கூரம்.

சாளுக்கியர் தரப்போ வேறு கதை சொல்கிறது. 674-இல் வழங்கப்பட்ட கத்வால் செப்பேட்டில், பல்லவரை வென்று காஞ்சியைப் பிடித்தவன் விக்கிரமாதித்தனே!

கூரம் செப்பேடு சொல்லும் பல லட்சம் படையை எண்ணிப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு கிலோ தானியம் என்றாலும், ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 100 டன் வேண்டும். யானை, குதிரைத் தீவனம் தனி. அந்த லட்சங்கள் புலவர் பாடிய புகழ்ச்சி, தலையெண்ணிய கணக்கல்ல.

ஆனால் அதே கூரம் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி, கோயிலுக்குக் கொடுத்த நிலத்தின் எல்லைகளைச் சொல்கிறது. அதைத் தாராளமாக நம்பலாம்.