புள்ளி தொலைந்த திரை

எல்லைத் தமிழ்க் குழந்தைகள் வீட்டு மானிட்டரில் எழுத்தைத் தேடுகிறார்கள். பழுது பெரும்பாலும் கருவியில் இல்லை.

எரிக்கும் ஏரிக்கும் இடையே ஒரு சிறு கோடுதான். மனத்துக்கும் மணத்துக்கும் இடையே ஒரு சுழி. மெய்யெழுத்துக்கு அடையாளமே தலையில் உள்ள புள்ளி. ஆங்கில 'ஐ'யின் புள்ளி மறைந்தால் யாரும் தடுமாறுவதில்லை. தமிழில் புள்ளி மறைந்தால் சொல்லே கெட்டுவிடும்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட நிலையில், 2020 ஜூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் அலைவரிசையில் கேரள அரசின் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாராயின. கரும்பலகை இருந்த இடத்துக்குத் திரை வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் அது வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. சுற்றிலும் கடைப் பலகையும் பேருந்துப் பலகையும் பெரும்பாலும் மலையாளம் பேசும் ஊர்களில், தமிழ் எழுத்தைக் கண்ணில் பதிய வைக்கும் சில இடங்களில் இந்தத் திரையும் ஒன்று.

எழுத்து மங்கினால் முதல் பழி மின்சாரத்தின் மேல் விழுகிறது. கண்ணாடிக் குழாய் மானிட்டர்களின் காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய தட்டை மானிட்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை. உண்மையான காரணம் பல வீடுகளில் ஒரு நல்லெண்ணம்தான்: எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள்.

விளைவு என்ன? 1366 x 768 புள்ளிகள் கொண்ட திரையை 1024 x 768 ஆக மாற்றினால் அகலவாக்கில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றே கால் பங்குக்கும் மேலாக நீள வேண்டும். கால் புள்ளியைத் தனியே ஒளிரவைக்க எந்தத் திரையாலும் முடியாது. அண்டைப் புள்ளிகளில் சாயம் பரவுகிறது. எழுத்தும் குண்டாகிறது. 12 பாயிண்ட் எழுத்துக்குச் சாதாரணத் திரையில் கிடைக்கும் உயரமே 16 புள்ளிகள்தான். அதில் மெய்யின் புள்ளிக்கு ஒன்றிரண்டு மிஞ்சினால் அதிகம். மங்கலில் முதலில் பலியாவது அதுவே.

மருந்துக்குச் செலவில்லை. ரெசல்யூஷனைத் திரையின் இயல்பான அளவிலேயே விட்டுவிட்டு, எழுத்தின் அளவை மட்டும் 125 அல்லது 150 சதவீதமாக உயர்த்தினால் போதும். பழைய நீலமுனை விஜிஏ கம்பியானால் மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். ஹெச்டிஎம்ஐ கம்பி இருந்தால் இன்னும் நல்லது. தொலைக்காட்சியையே மானிட்டராக்கியவர்கள் அதன் 'ஷார்ப்னஸ்' அளவைக் குறைத்துப் பார்க்கலாம். கூடினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் படியும்.

அதற்குப் பிறகும் குழந்தை திரையை ஒட்டி உட்கார்ந்தால், பார்க்க வேண்டியது மானிட்டரை அல்ல, கண் மருத்துவரை.