சாயமும் சிறுநீரகமும்

பேரக் குழந்தைகளைப் பார்க்க நாகபுரிக்கோ பிலாய்க்கோ ஊரிலிருந்து வந்திருக்கும் 78 வயதுத் தகப்பனாருக்கு நெஞ்சுவலி காண்கிறது. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இருதயத்தின் இரத்தக் குழாய்கள் படத்தில் தெளிவாகத் தெரியும் பொருட்டு, அயோடின் சேர்ந்த திரவம் ஒன்றை உள்ளே செலுத்துகிறார்கள். சாயம் என்று வழங்கினாலும் அது நிறமற்றது. எக்ஸ்-கதிரை மறிப்பதே அதன் வேலை. பின்னர் அதை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகங்களுடையது. முதுமையில் தளர்ந்த சிறுநீரகம் சில சமயம் இச்சுமையால் ஊறுபடுகிறது.

அவ்வூறு வலி தருவதில்லை. சிறுநீரும் பெரும்பாலும் குறைவதில்லை. "அப்பா நன்றாகத்தானே இருக்கிறார்" என்று நாம் வீடு திரும்பிவிடுகிறோம். அதைக் காட்டிக்கொடுப்பது இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் அது 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் ஏறினாலும், 7 நாட்களுக்குள் முன்னிருந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலும் ஊறு நேர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது 2012-இல் வகுக்கப்பட்ட சர்வதேச அளவுகோல். மறுநாட் காலையிலேயே சோதித்தால் ஏற்றம் புலப்படாமற் போகலாம். இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் சோதிப்பதே பயனுடையது.

முதியவரிடம் இந்த எண் ஏமாற்றவும் செய்யும். கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. தசை மெலிந்த உடலில் அது குறைவாகவே உண்டாகும். 70 கிலோ எடையுள்ள 30 வயது வாலிபருக்கும், 50 கிலோ எடையுள்ள நம் தகப்பனாருக்கும் அளவு 1.2 என்றே இருக்கட்டும். காக்கிராப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட சூத்திரப்படி கணக்கிட்டால், வாலிபரின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 89 மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்திகரிக்கின்றன. தகப்பனாருடையவை 36 மில்லிலிட்டர்தான்! எண் ஒன்று, நிலைமை வேறு.

முன்னிருந்த அளவு தெரியாவிட்டால் ஏற்றத்தை எப்படி அறிவது? பழைய சோதனைச் சீட்டு பெரும்பாலும் ஊரில் பீரோவுக்குள் கிடக்கும். அயலூரில் வாழும் நமக்கு உள்ள விசேஷச் சங்கடம் இதுவே. பெற்றோரை அழைத்து வரும்போதே அச்சீட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மறந்திருந்தால், அண்டை வீட்டாரைக் கொண்டு கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். நீரிழிவுக்கு மெட்பார்மின் உட்கொள்கிறாரா, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை விழுங்குகிறாரா என்பதையும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் எவ்வளவு பருகலாம் என்பதை அவரே விதிக்கட்டும். இருதயம் பலவீனமானவருக்கு மிகுந்த நீரும் கேடு.

இதைக் கேட்டுவிட்டுப் படமே வேண்டாமென்று மறுத்துவிடாதீர்கள். முன்பு எண்ணியதைவிட இந்த அபாயம் குறைவு என்றே அண்மை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கிரியாட்டினின் ஏற்றமெல்லாம் சாயத்தின் குற்றமுமன்று. இரத்த அழுத்தம் தாழ்ந்ததாலும் அது நேரலாம். பெரும்பாலோருக்கு இரண்டொரு வாரத்தில் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. திரும்பாத சிலரை உரிய காலத்தில் கண்டுகொள்வதற்கே இச்சோதனை. ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன், மறு சோதனை எந்தத் தேதியில் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹிந்தியிலும் மராத்தியிலும் கிரியாட்டினினுக்குப் பெயர் அதேதான்.