வண்டிக் கொட்டகைத் தரைக்கு எபாக்சிப் பூச்சு

வீட்டை ஒட்டிய கொட்டகையில் பவர் டில்லரும் மோட்டார் சைக்கிளும் ஒரு பக்கம், உர மூட்டைகளும் கைத்தெளிப்பானும் மறு பக்கம் என்று வைத்துக்கொள்வது சிறு விவசாயிகளின் வீடுகளில் வழக்கம். இத்தகைய கொட்டகைக்குச் சிமெண்ட் தரை போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். சில ஆண்டுகளிலேயே தரையின் மேல்பரப்பு பொரிந்து, கூட்டக் கூட்டத் தூசு எழும்புகிறது. சிந்திய டீசலும் கிரீஸும் ஊறிக் கறையாகி விடுகின்றன. உர மூட்டை அடுக்கிய இடம் அரித்துக் குழி விழுகிறது.

காங்கிரீட் பார்வைக்குக் கல் போல் இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. எண்ணெயும் உப்பு நீரும் இந்தத் துளைகள் வழியே இறங்குகின்றன. உரங்களில் அம்மோனியம் சல்பேட் காங்கிரீட்டுக்குப் பெரும் பகை. மூட்டையிலிருந்து கசியும் உரம் ஈரத்தில் கரைந்து சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தாக்கும். பேட்டரியிலிருந்து சொட்டும் அமிலமும் அப்படியே. பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். இவற்றைத் தடுக்கத் தரையின் மேல் பூசப்படுவதுதான் எபாக்சிப் பூச்சு.

உடைந்த சாமான்களை ஒட்டுவதற்கு இரண்டு சிறு குழாய்களில் விற்கும் பசையைப் பலரும் பயன்படுத்தியிருப்பார்கள். இரண்டையும் பிதுக்கிக் கலந்தால் கொஞ்ச நேரத்தில் இறுகிக் கல்லாகி விடும். அதுவும் எபாக்சிதான். 1930களின் இறுதியில் சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த பியர் காஸ்டான் என்பவர் செயற்கைப் பற்கள் செய்ய ஏற்ற பொருளைத் தேடும்போது இதற்கு வழி கண்டார். பல்லுக்காகப் பிறந்த பொருள் இன்று தொழிற்சாலைத் தரைகளுக்கும் வண்டிக் கொட்டகைகளுக்கும் வந்திருக்கிறது.

எங்கே பூசலாம், எங்கே கூடாது

இது விலை மலிந்த சரக்கு அல்ல. ஆகவே கொட்டகை முழுவதும் பூசியாக வேண்டும் என்பதில்லை. உர மூட்டை அடுக்கும் மூலை, பூச்சிமருந்து கலக்கும் இடம், வண்டி நின்று எண்ணெய் சொட்டும் இடம் ஆகிய மூன்றுக்கும் பூசினாலே பாதிப் பயன் கிடைத்துவிடும். பூச்சிமருந்து சிந்தினால் வெறும் காங்கிரீட்டில் அது ஊறி நெடுநாள் வாடை அடிக்கும். பூச்சுள்ள தரையில் மரத்தூளைப் போட்டு ஒற்றி எடுத்துவிடலாம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

நெல் உலர்த்தும் களத்துக்கு எபாக்சி உதவாது. வெயில் நேரே படும் இடத்தில் பூச்சு மஞ்சளாகி, பின்னர் மேல்பரப்பு மாவு போல் உதிரும். அந்த மாவு தானியத்தோடு கலப்பதை எந்த விவசாயியும் விரும்ப மாட்டார். களத்தில் தூசு எழும்புவதுதான் குறையென்றால் அதற்கு மலிவான வழி இருக்கிறது. சோடியம் சிலிகேட் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்து, காய்ந்த தரையில் மூன்று முறை தடவலாம். ஒவ்வொரு முறையும் நன்கு உலர விட்டு, கழுவி, அடுத்ததைத் தடவ வேண்டும். இது காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புடன் கூடித் துளைகளை அடைத்து மேல்பரப்பை இறுக்கும்.

மாட்டுத் தொழுவத்துக்கு எபாக்சி கூடவே கூடாது. சாணமும் கோமியமும் பட்ட வழவழப்பான தரையில் பசு கால் விரிந்து விழுந்தால் இடுப்பு போய்விடும். கறவை மாட்டை இழப்பதைவிடத் தரை பொரிந்து போவது எவ்வளவோ மேல்.

ஈரம்தான் முதல் எதிரி

பூச்சு உரிந்து போனதாகக் குறை சொல்லும் இடங்களில் பெரும்பாலும் சரக்கில் குற்றம் இருப்பதில்லை. தரையில்தான் குற்றம் இருக்கும். புதிதாகப் போட்ட காங்கிரீட்டுக்கு 28 நாட்களாவது ஆகியிருக்க வேண்டும். பழைய தரையாயினும் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒன்றரை அடி சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டிவிட வேண்டும். மாலையில் ஒட்டி மறுநாள் காலை, அதாவது 16 மணி நேரத்துக்குக் குறையாமல் கழித்து, பிரித்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் நீர் முத்துக்கள் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அப்போது பூசக்கூடாது. இரண்டு மூன்று இடங்களில் இப்படிப் பார்ப்பது நல்லது.

காவிரிப் படுகை போன்ற இடங்களில் ஐப்பசி முதல் மார்கழி வரை நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். அந்தக் காலத்தில் பூசினால், அடியிலிருந்து ஏறும் ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். மாசி, பங்குனி மாதங்களில் தரை வற்றியிருக்கும்போது வேலையை வைத்துக்கொள்வதே சரி. இனிமேல் புதிதாகத் தரை போடுவோர் காங்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் தாளை விரித்துவிட்டால் இந்தத் தொல்லையே எழாது.

தரையைத் தயார் செய்தல்

நம் ஊர்க் கொத்தனார்கள் தரை பளபளவென்று இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைசியில் சிமெண்ட் பாலைத் தடவி இரும்புக் கரண்டியால் தேய்த்து விடுவார்கள். கண்ணுக்கு அழகான இந்த மெல்லிய ஏடு பலமற்றது. இதன் மேல் பூசினால், பூச்சு ஏட்டைப் பிடித்துக்கொள்ளும். ஏடு காங்கிரீட்டை விட்டுவிடும். அடுத்த மழைக்காலத்துக்குள் சோற்றுக் கற்றாழைத் தோல் போல உரிந்து வருவது இதனால்தான். ஆகவே ஏட்டை முதலில் நீக்க வேண்டும். மொசைக் தேய்க்கும் எந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு முறை ஓட்டித் தேய்ப்பது மிகச் சிறந்தது.

அதற்கு முன்பே எண்ணெய்க் கறையைப் போக்கிவிட வேண்டும். கறையின் மேல் மரத்தூளைப் பரப்பி ஊற விட்டு அள்ளிய பின், சோப்புத் தூள் கரைத்த வெந்நீரை ஊற்றித் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் நாலு துளி தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். தரை நீரை உறிஞ்சினால் சரி. தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை என்று பொருள். எத்தனை முறை கழுவியும் போகாத ஆழ்ந்த கறையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுக் கலவையால் அடைப்பதுதான் வழி. அந்த இடம் ஆறி இறுகிய பிறகே பூச வேண்டும்.

தேய்க்கும் எந்திரம் கிடைக்காத ஊர்களில் அமிலத்தால் கழுவலாம். கடைகளில் ஆசிட் என்றே விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில்தான் அமிலத்தை மெதுவாக விட வேண்டும். மாற்றி ஊற்றினால் அமிலம் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. அமில ஆவி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் வண்டி, மோட்டார், கருவிகள் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.

தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின் கரைசலைத் தெளித்தால் நுரைத்துப் பொங்கும். நுரைக்காத இடத்தில் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. நுரை அடங்கியதும் தூரிகையால் தேய்த்து, சலவை சோடா கரைத்த நீராலும் பிறகு நல்ல தண்ணீராலும் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். கழுவிய நீர் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். தரை காய்ந்ததும் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். பிறகு சில நாட்கள் நன்றாக உலர விட்டு, பிளாஸ்டிக் தாள் சோதனையைத் திரும்பவும் செய்ய வேண்டும்.

எவ்வளவு வாங்குவது

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒரு லிட்டர் எபாக்சியை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் நிற்கும். ஒரு கைக்கு 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் 5 சதுர மீட்டருக்கு, ஏறத்தாழ 54 சதுர அடிக்குப் போதும். 20 அடி நீளம், 10 அடி அகலமுள்ள கொட்டகை 200 சதுர அடி. அதற்கு ஒரு கைக்கு 3.7 லிட்டர்; இரண்டு கைக்கு ஏழரை லிட்டர் வேண்டும். சொரசொரப்பான தரை கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

இந்தக் கணக்கு கரைப்பான் சேராத சரக்குக்கு மட்டுமே பொருந்தும். டின்னில் பாதி கரைப்பானோ தண்ணீரோ இருந்தால் அது ஆவியாகிப் போய், நிற்பது பாதிக் கனம்தான். எனவே விலையை மட்டும் கேட்காமல், கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்க வேண்டும். 50 சதவீதச் சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தாலும் அதில் லாபம் ஏதுமில்லை.

கலப்பதும் பூசுவதும்

பிசின் ஒரு டின்னிலும் இறுகு மருந்து இன்னொரு டின்னிலும் இருக்கும். இந்த மருந்தைப் பாலுக்கு இடும் உறைமோர் போல நினைத்துவிடக் கூடாது. உறைமோரில் ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் பால் தயிராகும். ஏனெனில் அதிலுள்ள நுண்ணுயிர் பெருகிக்கொள்கிறது. இறுகு மருந்து பெருகுவதில்லை. பிசினோடு குறித்த விகிதத்தில் ஜோடி சேர்ந்தே அது இறுகுகிறது. குறைந்தால் தரை என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். கூடினாலும் பூச்சு கெடும். சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றுவது வீண் வேலை. டின்னில் குறித்துள்ள அளவு எடைக் கணக்கா, லிட்டர்க் கணக்கா என்பதையும் கவனிக்க வேண்டும்.

கலக்கும்போது வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடமாவது கலக்க வேண்டும். பிறகு வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மீண்டும் கலந்தால், ஓரத்தில் கலக்காமல் நின்றதும் சேர்ந்துவிடும். கலந்த சரக்கு தானாகவே சூடேறும். வாளியில் குவிந்து நிற்கும்போது சூடு அதிகமாகி அரை மணி, முக்கால் மணியிலேயே இறுகத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் அதற்கு முன்பே இறுகிவிடலாம். எனவே டின்களை முந்தைய நாளே நிழலில் வைத்து, ஒரு ஆள் இருபது நிமிடத்தில் பூசி முடிக்கக்கூடிய அளவை மட்டும் கலக்க வேண்டும்.

காலையில் தரை சூடேறிக்கொண்டிருக்கும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியேறி, பூச்சில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தரை ஆறத் தொடங்கும் நேரமே ஏற்றது. பனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். விரிசல்களைத் திருப்புளியால் சற்று அகலமாக்கி, கலந்த எபாக்சியுடன் காய்ந்த நைஸ் மணல் சேர்த்து முன்பே அடைத்துவிடலாம். ஓரங்களைத் தூரிகையாலும் நடுவை ரோலராலும் பூசி, உள் மூலையிலிருந்து வாசலை நோக்கி வர வேண்டும். முதல் கை ஈரமாக இருக்கும்போதே சலித்த காய்ந்த மணலைத் தூவிவிட்டால் மழைக்காலத்தில் கால் வழுக்காது. இரண்டாம் கையை மறுநாளே பூசிவிட வேண்டும். நாள் கடந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் பூசலாம்.

கரைப்பான் சேர்ந்த சரக்கு தீப்பற்றக் கூடியது. பீடி, சிகரெட், சிம்னி விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிசினும் மருந்தும் தோலில் பட்டால் சிலருக்குச் சொறியும் வீக்கமும் உண்டாகும். ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு எப்போது பட்டாலும் அந்தத் தொல்லை வரும். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தின்னர் அதை மேலும் தோலுக்குள் இறக்கிவிடும்.

பூசிய பின்

ஒரு நாள் கழித்து வெறுங்காலுடன் நடக்கலாம். வண்டியை ஒரு வாரம் ஏற்றக்கூடாது. அதற்குள் ஏற்றினால் டயர் பதிந்த இடம் பதிந்தபடியே நிற்கும். சாலையில் ஓடிச் சூடேறிய டயர், மெல்லிய பூச்சை இளக்கிப் பிய்த்தெடுப்பதும் உண்டு. வண்டி நிற்கும் இடத்தில் பழைய ரப்பர் பாயைப் போட்டு வைப்பது அதற்குக் காப்பு. சேற்றுழவு முடிந்து வரும் பவர் டில்லரின் இரும்புச் சக்கரங்களை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், அல்லது பலகை போட்டு அதன் மேல் ஏற்ற வேண்டும். இரும்புச் சக்கரத்துக்கு எந்தப் பூச்சும் தாங்காது.

உர மூட்டைகளைப் பூச்சின் மேலும் நேராக வைக்காமல் மரச் சட்டத்தின் மேல் அடுக்குவதே நல்லது. எங்காவது பெயர்ந்துவிட்டால் அந்த இடத்தை உடனே கவனிக்க வேண்டும். ஓரத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, உள்ளங்கையளவு சரக்கைக் கலந்து தடவினால் போதும். விட்டுவிட்டால் அந்தத் துவாரம் வழியே ஈரம் புகுந்து சுற்றிலும் தூக்கிவிடும். இதற்கென்று இரண்டு டின்களிலும் கொஞ்சம் மீதம் வைத்து, மூடிகள் மாறிப் போகாமல் இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வைத்துக்கொள்ளலாம்.